ஐந்து இடங்களில் உன் பெயர்

அடியே,

இன்று காலை தேக்கா சந்தையில் டீ வாங்க வரிசையில் நின்றபோது கைப்பேசி அதிர்ந்தது. "அஞ்சு எடமும் உசுரோட இருக்கு. போய் டீ குடி." நீ எழுதிவைத்த வரிதான். துவாஸ், ஜொகூர், பினாங்கு, பாத்தாம், சென்னை என்று கம்பெனியின் ஐந்து கிடங்குகளிலும் இருக்கும் சர்வர்களைச் சோதித்துவிட்டு, தினமும் காலையில் நம் இருவருக்கும் தானாக வரும் செய்தி. நீ மண்ணுக்குள் போன பிறகும் அது உன் பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. இன்று என் பெயரில் வந்தது. வரிசையில் நிற்க முடியவில்லை. பூக்கடை வரைக்கும் போனேன், திரும்பினேன், மறுபடியும் போனேன். பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா, "என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீ கிளமெண்டியில் உன் வீட்டு மேசையில், நான் பூன் லேயில் என் வீட்டு மேசையில். உட்கார்ந்த இடத்திலிருந்தே கடல் தாண்டி இருக்கும் சர்வர்களை மேய்ப்போம். அந்த நோன்புப் பெருநாள் ஞாபகம் இருக்கிறதா? பாத்தாம் கிடங்கில் ஆள் இருக்க மாட்டார்கள், வேலை செய்ய வசதி என்று நீதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தாய். விடிந்ததும் அங்கிருந்த சர்வரின் பாதுகாப்பு விதியை மாற்றினாய். மாற்றிய மறுநொடி அது உன்னையே உள்ளே விட மறுத்துவிட்டது. சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திய கதை. உள்ளே போய் ஒரு பொத்தானை அமுக்கக்கூட அங்கே ஆள் இல்லை.

"பெருநாளும் அதுவுமா எங்கடி போறே?" என்று உன் உம்மா கத்த, பிரியாணி டப்பாவோடும் புதுத் துணியோடும் ஃபெர்ரி ஏறினாய். துணைக்கு நான். நடுக்கடலில் நீ எடுத்த வாந்தியில் அந்தப் புதுத் துணி போயிற்று. வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "இனிமே கை வைக்கிறதுக்கு முன்னாடி திரும்பி வர வழிய வச்சிட்டுத்தான் கை வைப்பேன் லா."

சொன்னபடியே செய்தாய். அன்றிலிருந்து எதை மாற்றினாலும் முதலில் ஒரு கெடு வைப்போம். பத்து நிமிடத்துக்குள் நாம் 'சரி' என்று தட்டாவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மாட்டிக்கொண்டால் காத்திருந்தால் போதும், கதவு தானே திறக்கும். அதற்கப்புறம் நாம் ஃபெர்ரி ஏறவே இல்லை.

நேற்று மேலாளர் கூப்பிட்டார். "அவங்க அக்கவுண்ட் இன்னும் இருக்கு. இன்னிக்கே எடுத்துடுங்க, ஆடிட் வருது." இல்லாத ஒருவரின் பெயரில் ஐந்து கிடங்குகளின் கதவும் திறந்து கிடக்கக் கூடாதாம். நியாயம்தான். அதனால்தான் எரிச்சல் வந்தது. சர்வர்களில் உன் பெயரில் தானாக ஓடிய வேலைகளை ஒவ்வொன்றாக என் பெயருக்கு மாற்றினேன். ஏதாவது ஒன்றை விட்டிருந்தால் லாரிகள் கிடங்கு வாசலிலேயே நின்றுவிடும். ஆகவே நம் வழக்கப்படி கெடு வைத்துவிட்டு உன் பெயரை அழித்தேன். ஐந்து இடங்களையும் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. நீ இல்லாமலும் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பாவிகள், ஒன்றாவது நின்றிருக்கக் கூடாதா?

'சரி' என்று தட்ட வேண்டியதுதான் பாக்கி. எழுந்தேன். துணி காயப்போட்டேன். காய்ந்ததையே மறுபடி உதறினேன். சன்னலுக்கும் மேசைக்கும் நடந்தேன். தட்டவில்லை. கெடு முடிந்தது. திரையில் உன் பெயர் திரும்பி வந்தது, ஐந்து இடங்களிலும்.

எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? பைத்தியக்காரி மாதிரி கை தட்டினேன். உடனே மேலாளர் ஃபோன். "முடிஞ்சுதா?"

"இல்ல சார், மறுபடி பண்ணணும்."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். அதான் பிரச்சினை."

அவருக்கு என்ன புரிந்ததோ, "நிதானமா பண்ணுங்கம்மா" என்று வைத்துவிட்டார்.

இரண்டாம் முறை அழித்ததும், நடக்காமல் உட்கார்ந்து, 'சரி' என்று தட்டிவிட்டேன். தட்டிவிட்டு அழுதேன். ஊரில் இருக்கிற எல்லா இயந்திரத்துக்கும் திரும்பி வர வழி வைத்தாயே, உனக்கு ஒன்று வைத்துக்கொள்ளத் தெரியவில்லையேடி!

செய்தியின் வரியை மட்டும் நான் மாற்றவில்லை. கை வைப்பதற்கு முன் கெடு வைப்பதையும் விடப்போவதில்லை.

பூக்கடையிலிருந்து திரும்பி வந்து, மறுபடி வரிசையில் நின்று, டீயை வாங்கிக் குடித்தேன். இத்தனை வருடப் பழக்கம், அந்தச் செய்திக்கு "குடிச்சாச்சு" என்று பதில் போட்டேன். கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. ஆவலாக எடுத்துப் பார்த்தேன். என் பதில் எனக்கே வந்திருந்தது.