மேட்டுவீட்டில் பெய்யாத மழை

ரேவன்ஸ்விக்,
யார்க்ஷயர் கடற்கரை.
18 மே 1974

அன்புள்ள கிளிஃபர்ட்டுக்கு,

பாம்ஃப்ரெட்டுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரையும், பழம்பொருள் சந்தைக் கமிட்டியின் தலைவி திருமதி கண்டாலையும், நான் அவருக்கு விற்ற, வானிலை காட்டும் பாரோமீட்டரையும் ஒரே காரில் ஏற்றி, சென்ற செவ்வாய்க்கிழமை மேட்டு நிலத்துக்குப் போய் வந்தேன். கார் அவருடையது. பெட்ரோலும் அவருடையதுதான்.

நொரீனின் முதுகுவலி எப்படி இருக்கிறது? குனிந்து எதையும் தூக்க வேண்டாம் என்று சொல். இங்கே ஹெர்ரிங் மீன் விலை ஏறிவிட்டது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

நீ அங்கே வின்னிபெக்கில் இருந்துகொண்டு பாதிக் கதையைத்தான் கேட்டிருக்கிறாய். மீதியை நான் சொல்கிறேன். ஜெரால்ட் பாம்ஃப்ரெட் முப்பது வருஷம் இந்த ஊர் வங்கியில் மேலாளராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் ஹாரோ ரிக் மேட்டில் ஒரு பழைய பண்ணைவீட்டை வாங்கினார். கூடத்துச் சுவருக்கு ஒரு பாரோமீட்டர் வேண்டும் என்று அக்டோபரில் கடைக்கு வந்தார். ஓக் மரத்தில் செதுக்கியது, பித்தளை விளிம்பு, பீங்கான் முகப்பில் புயலிலிருந்து கடும் வறட்சி வரை கறுப்பு எழுத்து. பாதரசம் கிடையாது. உள்ளே காற்றை உறிஞ்சியெடுத்த ஒரு தகரச் சிமிழ். வெளிக்காற்று அழுத்தினால் சிமிழ் அமுங்கி முள் ஏறும், அழுத்தம் குறைந்தால் முள் இறங்கும். துறைமுக அலுவலகக் கருவியோடு ஒன்பது நாள் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதற்கு விலைச்சீட்டு கட்டினேன். நாற்பத்திரண்டு பவுண்டு. அவர் பேரம்கூடப் பேசவில்லை.

மாட்டிய நாளிலிருந்து முள் 'மழை'யை விட்டு மேலே வரவே இல்லையாம். வெயில் அடித்தாலும் மழை, உறைபனி விழுந்தாலும் மழை. தேநீருக்கு வந்த பாதிரியார் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, பைபிள் வெள்ளத்துக்குப் போல பேழை கட்ட ஆரம்பிச்சுடலாமா ஜெரால்ட் என்று கேட்டாராம். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நேராக என்னிடம் வந்திருந்தால் பத்து நிமிஷ வேலை. அவர் கோல்ஃப் மன்றத்துக்குப் போனார், பிறகு கமிட்டிக்குப் போனார். பழுதான பொருளை விற்றவர் என்ற புகார் தீரும்வரை இந்தக் கோடைச் சந்தையில் எனக்கு இடமில்லை என்று தட்டச்சு செய்த கடிதம் வந்தது. அந்த மூன்று நாள் வியாபாரம்தான் என் அரை வருஷச் சாப்பாடு. அது உனக்குத் தெரியும்.

திருமதி கண்டாலைப் போய்ப் பார்த்தேன். நீங்க முன்னாடி மீன் வித்தவங்கதானே மிஸஸ் டவ்சன், மீன்ல நல்லது கெட்டதை மூக்கே சொல்லிடும், இதெல்லாம் அப்படி இல்லை பாருங்க என்றாள். ஆமாம்மா, மூக்கு இன்னும் நல்லாத்தான் வேலை செய்யுது, இப்பக்கூட ஏதோ நாறுது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு பொருளைக் கொண்டுவரச் சொல்லி பாம்ஃப்ரெட்டுக்கு எழுதினேன். கொண்டுவந்தார். மேசையில் நிறுத்தி, முள் சிக்காமல் நகர ஒரு தட்டுத் தட்டினேன். முள் 'தெளிவு' என்ற எழுத்துக்கு நேரே நின்றது. சுவரில் தொங்கிய மற்ற பதினொன்றும் அதே இடத்தில்தான் நின்றன. ஓஹோ, உங்களைப் பார்த்தா மட்டும் ஒழுங்கா நடிக்குதோ என்றார். கண் முழுக்க என் கையிலேயே இருந்தது, சீட்டு வித்தை காட்டுபவனைப் பார்ப்பது போல. எங்கே மாட்டினீங்க மேனேஜர் சார் என்று கேட்டேன். கூடத்துல என்றார். கூடம் எங்கே இருக்கு என்றேன். மேட்டுவீட்டுக்குள்ளதான், வேற எங்கே இருக்கும் என்றார். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன்.

தப்பில் என் பங்கும் உண்டு, கிளிஃப். மறைக்கவில்லை. இருபத்து மூன்று வருஷமாக விற்கிறேன். சுவர் எவ்வளவு அகலம், கணப்பு பக்கத்தில் இருக்கிறதா, வெயில் படுமா, எல்லாம் கேட்பேன். வீடு கடலிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. வாங்கியவர்கள் அத்தனை பேரும் கடற்காகத்தின் சத்தம் கேட்கிற தூரத்தில் குடியிருப்பவர்கள். கடலோரத்தில் பிறந்தவர்களுக்குக் கடல்மட்டம்தான் உலகமட்டம். அவருக்கும் அப்படித்தான்.

முள்ளை நகர்த்தும் பின்பக்கத்துத் திருகைக் கொஞ்சம் திருப்பி, மன்னிச்சுக்குங்க சார் என்று கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். நீயும் அப்படித்தானே எழுதினாய், சண்டை வேண்டாம், பணத்தைக் கொடுத்து அவர் வாயை மூடிவிடுங்கள் என்று. ஆனால் திருகைத் தொட்டிருந்தால், பழுதை விற்றுவிட்டுப் பிறகு சரிபண்ணிக் கொடுத்தாள் என்றுதான் ஊர் சொல்லும். அதற்கு நான் ஆள் இல்லை.

ஆகவே செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினோம். அவர் ஓட்டினார். பாரோமீட்டர் பின்சீட்டில் திருமதி கண்டாலின் மடியில். நான் முன்னால், கையுறை போட்ட இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தேவாலயத்தைத் தாண்டும்போது தட்டுங்கம்மா என்றேன். தெளிவு என்றாள். கல்குவாரி ஏற்றத்தில் மறுபடி தட்டச் சொன்னேன். மாற்றம்னு காட்டுது என்றாள், குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஆட்டு வேலியைத் தாண்டியதும் நான் சொல்லாமலே மோதிர விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது. பாம்ஃப்ரெட் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். நான் ஒண்ணும் பண்ணலை ஜெரால்ட், சும்மா மடியிலதான் வெச்சிருக்கேன் என்று அவள் கிட்டத்தட்ட அழுதுவிட்டாள். அவர் வீட்டு வாசலில் இறங்கியபோது முள் மழையைத் தாண்டிப் பெருமழைக்குப் பக்கத்தில் நின்றது. வெயிலில் அவள் மூக்கு சிவந்திருந்தது.

மேலே போகப் போகக் காற்று லேசு, ஆயிரம் அடிக்கு முள் ஓர் அங்குலக் கணக்கு இறங்கும், உங்கள் வீடு ஆயிரத்து இருநூறு அடி, மேட்டுக்காரர்கள் மாட்டும்போதே திருகைத் திருப்பி வைத்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். அப்போ இத்தனை மாசமும் இது பொய் சொல்லலையா என்று கேட்டார். இல்லை சார், நீங்க மலைமேல இருக்கீங்கன்னு அது சரியாத்தான் சொல்லிக்கிட்டிருந்தது, நாமதான் காதுல வாங்கலை என்றேன். அவர் மனைவி சமையலறையிலிருந்து சிரித்த சிரிப்பு எனக்குப் பத்து வருஷத்துக்குப் போதும்.

வேண்டாமென்றால் நீங்கள் கொடுத்த அதே விலைக்கு இப்போதே எடுத்துக்கொள்கிறேன், ஐம்பதுக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்றேன். இல்லை இல்லை, இது சுவத்துலயே இருக்கட்டும் என்று ஆணிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அதன் பிறகுதான் கையுறையைக் கழற்றித் திருகைத் தொட்டேன். நாலு திருப்பு. முள் தெளிவில் வந்து உட்கார்ந்தது.

இனி உன் விஷயம். கடையை விற்றுவிட்டு அங்கே வந்துவிடச் சொல்கிறாய். அறுபத்திரண்டு வயதில் எனக்கென்று இந்த ஊரில் இருப்பது ஒரு கதவும் அதன்மேல் ஒரு பெயரும்தான். அதை விற்க மாட்டேன். பாம்ஃப்ரெட்டுக்குக் கொடுக்கச் சொல்லி நீ அனுப்பிய நாற்பத்திரண்டு பவுண்டு காசோலையை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். என்மேல் இருந்த அன்பால் அனுப்பினாயா, அவர் சொன்னதை நம்பி அனுப்பினாயா என்று கேட்க மாட்டேன். நீயும் சொல்ல வேண்டாம். அதைக் கப்பலுக்கோ விமானத்துக்கோ வைத்துக்கொண்டு, ஆகஸ்டில் சந்தைக்கு வா. என் பக்கத்தில் மூன்று நாள் நின்றால் போதும், பேசக்கூட வேண்டாம். ஆண்டவர் உன்னையும் நொரீனையும் குழந்தைகளையும் கண்போலக் காக்கட்டும்.

என்றும் உன்,
அம்மா தெர்சா டவ்சன்

பி.கு. கமிட்டியோடு பேசி முடித்தது: வாசலோரத்து இடம், மூன்று நாளுக்கு வாடகை ஒன்பது பவுண்டு, போன வருஷத்துக்கு மேல் ஒரு பென்னி கிடையாது. புகாரைத் திரும்பப் பெறும் கடிதம் பாம்ஃப்ரெட்டின் கையெழுத்தில், மண்டபக் கதவில் ஒட்டப்படும். திருகு திருப்பிய கூலி இரண்டு பவுண்டு, அங்கேயே வாங்கிவிட்டேன். சந்தைக் கடைக்கு மேலே டவ்சன் என்று ஓரடி உயர எழுத்தில் பலகை, கமிட்டி செலவில்.