தனப்பிரியாவின் மக்காச்சோளம்

டிசம்பர் 4
மழை விட்டது. களத்தில் காயப் போட்டிருந்த என் மக்காச்சோளம் முழுக்க நனைந்துவிட்டது. கொழுந்தனார் பிரபாகர் வீட்டுச் சோளத்தில் ஒரு சொட்டு விழவில்லை. அவர் மனைவி தனப்பிரியா முந்தின நாளே மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்கிவிட்டாள். ஒரே வரப்பு, ஒரே விதை. அவளுக்கு மட்டும் எப்படித் தோன்றியது?

டிசம்பர் 7
"சின்னவ சூதானமான புள்ள." தனப்பிரியாவைச் சொன்னது என் வீட்டுக்காரர்தான், என் எதிரிலேயே. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

டிசம்பர் 12
காய்ந்ததில் ஒரு பை எடுத்துக்கொண்டு நாமக்கல் கோழித் தீவன ஆலைக்குப் போனேன். சோதிப்பவர் மணியைப் பிளந்து காட்டினார். உள்ளே பச்சைப் பூஞ்சை. "விஷம் ஏறிருச்சுங்க. கோழிக்கு ஈரல் போயிரும். ஒரு மூட்டை இப்படி இருந்தாலும் லோடையே திருப்பிருவோமுங்க."
வியாபாரி பாதி விலைக்குக் கேட்கிறான். ஊரெல்லாம் கெட்டதால் நல்ல சோளத்துக்கு விலை ஏறிவிட்டதாம். அப்படியானால் என் நஷ்டத்திலும் அவளுக்குத்தான் லாபம்!

டிசம்பர் 15
தனப்பிரியா வந்தாள். "அக்கா, உங்க மூட்டையவும் எங்க லாரியிலயே ஏத்திருங்க. நல்லதோட சேந்து போயிருமுங்க."
லோடு திரும்பும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.
"சரி சாமி" என்றேன். சாமி! பிள்ளையைக் கொஞ்சுகிற அந்த வார்த்தை எப்படி வந்தது என் வாயில்?

டிசம்பர் 16
லோடு திரும்பிவிட்டது. ஆலையில் எல்லா மூட்டையையும் பிரித்துக் கொட்டிப் பார்த்துவிட்டு, கலந்து அள்ளித் திருப்பி ஏற்றிவிட்டார்கள். எது யாருடையது என்று இனித் தெரியாது.

டிசம்பர் 17
பிரபாகர் எங்கள் வாசலில் நின்று கத்தினார். "தெரிஞ்சேதான் ஏத்துனீங்களா அண்ணி?"
தனப்பிரியா குறுக்கே வந்தாள். "அக்காளுக்கு எப்படிங்க தெரியும்? நாந்தானே ஏத்தச் சொன்னேன்."
எனக்காகப் பேசுகிறாள். இந்த நல்ல மனசும் அவளுக்கேதானா? தாங்கவில்லை.
"தெரியும்" என்றேன். "தெரிஞ்சுதான் ஏத்துனேன்."
அவள் அழவில்லை. திரும்பித் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 20
வெளிமாநிலச் சோளம் வந்து இறங்கிவிட்டது. நல்லதற்கும் விலை சரிந்துவிட்டது.

டிசம்பர் 22
களத்தில் இரண்டு வீட்டுச் சோளமும் ஒரே குவியல். தனப்பிரியா உட்கார்ந்து கறுத்த மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். போகச் சொல்லவில்லை. அவள் கை என் கையைவிட வேகம். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, அவள் செய்வதுபோலவே மணிகளை முறத்தில் ஒற்றை வரிசையாகப் பரப்பிப் பொறுக்கத் தொடங்கினேன்.