வெறும் காலனி

ஜூலை 7, திங்கள்

போட்டித் தேர்வுக்கென்று அம்மா வாங்கித் தந்த நோட்டு. இதில் போய் இதையெல்லாம் எழுதுவதற்கு மன்னித்துவிடு அம்மா. வேறு எங்கும் சொல்ல முடியவில்லை.

காலையிலிருந்து சாரல். மேற்கே மலையே தெரியவில்லை. குடைக் கம்பி ஒடிந்து போயிற்று.

லாட்ஜில் புது வேலை. வரவேற்பு மேஜையோடு சேர்த்து, தங்க வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம். கம்பத்தில் எந்தப் பகுதியில் என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம். முதலாளி மகேந்திரண்ணன் சொன்னார்: "நீதான் டிகிரி படிச்ச புள்ள. ஊரு பூரா எழுதிரு."

பூரா. அந்தச் சொல்லை அப்படியே நம்பினேன்.

அம்மாவின் முதல் கேள்வி: "நம்ம தெரு வருமாத்தா?" வரும் என்றேன்.

ஜூலை 9, புதன்

நடந்ததில் செருப்பு வார் அறுந்தது. எழுதியவை:

பஸ் ஸ்டாண்ட் பின்பக்கம். விடியும்போது திராட்சைப் பெட்டி ஏற்றுவதைப் பார்க்கலாம்.

பள்ளிவாசல் தெரு. சாயங்காலம் சமோசா. கடைக்கார பாய், "போட்டோன்னா இருத்தா, சட்டைய மாத்திட்டு வாரேன்" என்று உள்ளே போனவர் வரவேயில்லை.

எங்கள் தெரு. வாய்க்கால் பாலம் தாண்டி. ராணியக்கா கடை மாட்டுக்கறிச் சுக்கா. கேரளா லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து சாப்பிடுகிறார்கள். புதுவாழ்வுத் தெரு என்று பலகை இருக்கிறது. ஊரில் யாரும் அதைப் படித்ததில்லை. அவர்களுக்கு அது காலனி. மாடி வீடுகள் இருக்கும் மேற்குப் பக்கமும் காலனிதான், ஆனால் முன்னால் ஒரு பெயர் உண்டு. வெறும் காலனி என்றால் நாங்கள்.

ஜூலை 11, வெள்ளி

அச்சுக்குப் போகும் பிரதி வந்தது. நான் எழுதியதை அண்ணன் தன் வாயால் சொல்லிப் போனில் ஏற்றியிருக்கிறார். அங்கே என்பதற்கு அவர் "அங்கன" என்றதையெல்லாம் போன் அங்கன்வாடி ஆக்கிவிட்டது. "பாலத்துக்கு முந்தி, அங்கன்வாடி நல்ல பரோட்டா கிடைக்கும்."

அது அவர் கண்ணில் படவில்லை. எங்கள் தெரு மட்டும் பட்டிருக்கிறது. அந்தப் பக்கமே இல்லை. வரைபடத்தில் பாலத்துக்கு அப்புறம் பச்சை. வயலாம்.

கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"காலனியா? அங்கன யாரு போகப் போறாக? வெளியூர்க்காரவுக வாராக, நல்லதா நாலு எடத்தக் காட்டுவோம்."

"லாரிக்காரவுக வாராகண்ணே, ராணியக்கா கடைக்கு."

"அது வேற, இது வேற. மனசுல வச்சுக்காத. ஒன்னைய நான் அப்பிடியா நடத்துறேன்?"

"சரிண்ணே."

என்ன சரி? எது சரி? லாட்ஜில் எல்லாருக்கும் டீ கண்ணாடி கிளாஸில் வருகிறது. எனக்கு மட்டும் பேப்பர் கப். சுத்தமாம்.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் போட்டு உருட்டினேன்.

ஜூலை 13, ஞாயிறு

அண்ணன் அட்டைப் படத்தைப் போனில் அனுப்பியிருந்தார். பன்னீர் திராட்சைக் கொத்துகள். அவற்றின் கீழே தலையில் துண்டு கட்டிய ஒரு பெண், வாய் நிறையச் சிரிப்பு. என் அம்மா. வேலைக்குப் போகிற திராட்சைத் தோட்டத்துக்கு யாரோ கேமராவோடு வந்ததாகப் போன வாரம் சொன்னாள். படத்துக்கு அடியில்: "பள்ளத்தாக்கு உங்களை வரவேற்கிறது."

அது என் அம்மா என்று அவருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? பாலம் தாண்டி வந்ததே இல்லையே.

"ஏ ஆத்தா, பல்லு இம்புட்டா தெரியுது!" அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினாள். திரும்பி வந்து, "உள்ள நம்ம தெரு எந்தப் பக்கத்துல இருக்கு?"

சோறு வேண்டாம் என்றேன்.

தட்டைத் திரும்ப எடுத்து வைத்தாள். "வரலையா. போகுது விடு. மூஞ்சி வந்துருச்சுல்ல."

அதுதான் தாங்கவில்லை. அவள் கத்தியிருக்கலாம்.

ஜூலை 14, திங்கள்

வெயில். துணி காய்ந்தது. புத்தகம் நாளை அச்சுக்கு.

நேரில் போனால் வாயிலிருந்து மறுபடி "சரிண்ணே"தான் வரும். எழுதி அவர் மேஜையில் வைக்கப் போகிறேன். முதலில் வணக்கம், வேலை கொடுத்ததற்கு நன்றி, அப்புறம் அந்த அங்கன்வாடிப் பிழை. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான்:

அண்ணே, பாலத்துக்கு அப்புறம் புதுவாழ்வுத் தெரு என்று போடுங்கள். முடியாதென்றால் அட்டையிலிருந்து என் அம்மாவை எடுத்துவிடுங்கள்.