கட்டைவிரல் நின்ற இடம்

பம்பாய்ப் பாட்டுகளுக்கெல்லாம் மூச்சைக் கொடுத்துவிட்டு, கச்சிராயபாளையத்து மண்ணில் வந்து படுத்துக்கொண்ட என் அண்ணனுக்கு,

தேன்மொழிக்கு சீட்டு கிடைத்துவிட்டது அண்ணே. சென்னையில் நர்ஸ் படிப்பு. நம் சாதிக்கென்று புதிதாக ஒதுக்கிய இடத்தில்தான் கிடைத்தது. உன் தம்பி மகள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கப் போகிறாள். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? ஆனால் சொல்ல உட்கார்ந்தால் கை எழுத மாட்டேன் என்கிறது. நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

ஊரில் உன்னை இன்னமும் பேண்டுக்காரர் என்றுதான் சொல்கிறார்கள். பட்டாளத்துக்குப் போனவன் துப்பாக்கியோடு வருவான் என்று அப்பா காத்திருந்தார். நீ வளைந்த பித்தளைக் குழாயோடு வந்து நின்றாய். பட்டாள பேண்டில் கற்றுக்கொண்டேன், பம்பாயில் சினிமாப் பாட்டுக்கு ஊதப் போகிறேன் என்றாய். "கல்யாணத்துல ஊதுறதுக்கு ஏன்டா பம்பாய் போவணும்? திருக்கோவிலூர்ல பேண்டு செட்டு இல்லியா?" என்று அப்பா கேட்டதும், நீ பெட்டியை மூடியதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாக்ஸபோன் என்ற பேரை அவர் கடைசிவரை சரியாகச் சொன்னதே இல்லை.

நீ என்ன வேலை செய்கிறாய் என்று எனக்கும் புரியாமல்தான் இருந்தது. பம்பாய்க்கு வந்து உன்னோடு தங்கியபோதுதான் பார்த்தேன். மெட்டுப் போடுகிறவர் வாயால் பாடிக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். எந்த இடத்தில் வயலின் வரவேண்டும், எங்கே தபலா ஓயவேண்டும், எங்கே உன் சாக்ஸபோன் நுழையவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாளில் நீ பிரித்து எழுதினாய். அரேஞ்சர் என்று இந்திக்காரர்கள் உன்னை மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது அண்ணே.

ஆனால் ரெக்கார்டிங் கூடத்தில் பார்த்தது வேறு. நீ நாற்காலியில் குழாயை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாய். உன் கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு நகர்ந்துகொண்டே இருந்தது. திடீரென்று கட்டைவிரல் நின்றது. குழாய் வாய்க்குப் போனது. ஒரு சின்ன இழைப்பு, அவ்வளவுதான். மறுபடி மடியில் குழாய், மறுபடி கட்டைவிரல்.

"இம்மா நேரம் சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கா சம்பளம்?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"சும்மா இருக்கறதுதான்டா கஷ்டம். எண்ணிக்கினே இருக்கணும். கொஞ்சம் அசந்தா அடுத்தவன் எடத்துல பூந்துடுவோம்" என்றாய்.

"எண்ணி முடிஞ்சா?"

"வெரல் நிக்கும். அப்புறம் நம்ம ஊத வேண்டியதுதான்."

நான் ஜீப்பு ஓட்டுகிறவன். கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஆட்களையும், இறங்கும்போது மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளையும் ஏற்றுகிறவன். பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது அன்றைக்கு நீ சொன்ன அந்த ஒன்றுதான். விரல் நின்றால் அண்ணன் ஆரம்பிக்கப் போகிறான். அதை அப்படியே மனதில் பிடித்து வைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா திதிக்கு நீ வந்தாய். வரும்போதே மூச்சு வாங்கியது. பம்பாய்ப் புகை, மலைக்காற்று பட்டால் சரியாகிவிடும் என்றாய். நாங்களும் நம்பினோம். திதி முடிந்த மறுநாளே நம் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டுச் சாலைமறியல் ஆரம்பித்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஈ காக்கை இல்லை. சரியாக அந்த நேரம் பார்த்து உனக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

இங்கிருக்கும் டாக்டர் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒடனே பாண்டிச்சேரிக்குக் கொண்டு போயிடுங்க, இங்க என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார். உன்னை முன்சீட்டில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். உன் தலை சாயாமல் இருக்க என் பெண்டாட்டி செல்வி பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். உளுந்தூர்பேட்டை ரோட்டில் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது, இலை கூட வாடவில்லை.

மரத்தின் மேல் உட்கார்ந்து கோஷம் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் நம் ஊர் ஆட்கள் அண்ணே. என் ஜீப்பில் தொங்கிக்கொண்டு வருகிற பையன்கள். முதல் ஆளாக இறங்கி ஓடிவந்தது ஏழுமலை, நம் மேலத்தெரு ஏழுமலை.

"இன்னாண்ணே, யாருக்கு இன்னா?"

"எங்க அண்ணனுக்கு நெஞ்சுவலிடா. வழி வுடு."

அவன் உடனே எல்லாரையும் கூப்பிட்டான். அத்தனை பேரும் சேர்ந்து மரத்தைப் புரட்டப் பார்த்தார்கள். கயிறு கட்டி ஜீப்பால் இழுத்தேன். மரம் அசையவில்லை, கயிறுதான் அறுந்தது. ஏழுமலை மூச்சிரைக்க ஓடிவந்து என் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "இத்த நகுத்துனாலும் ஆவாதுண்ணே. உளுந்தூர்பேட்டை வரிக்கும் இதே மாதிரி கெடக்குது. எத்தினிய நகுத்துவ?" சொல்லும்போதே அவன் அழுதான்.

நீ கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாய். "இன்னாத்துக்குடா வெட்டிப் போட்டுக்கிறீங்க?"

"நம்ம புள்ளைங்க படிப்புக்குங்க. வேலைக்குங்க."

"அப்ப செரி" என்றாய். பிறகு அந்த நிலைமையிலும் உனக்குக் கிண்டல் போகவில்லை. "கோஷம் போடுறப்ப கடைசில எல்லாரும் முந்திக்கினு ஓடுறீங்க. ஒண்ணா முடிங்கடா."

சின்னசேலம் பக்கமும் இதே கதை என்றார்கள். எனக்குத் தெரிந்த வேறு ரோடு மலைரோடுதான். வெள்ளிமலை ஏறி, கருமந்துறை வழியாக இறங்கினால் சேலத்துக்குப் போய்விடலாம். அங்கே வெட்டிப்போட ஆள் இல்லை. மழையில் அரித்த மண்ரோடு, ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன். வண்டியைத் திருப்பினேன். வேறு என்ன செய்திருக்க முடியும், நீயே சொல்.

மலை ஏற ஆரம்பித்ததும் நீ பேச்சை நிறுத்திவிட்டாய். உன் கை என் தொடைமேல் கிடந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு எவ்வளவு தைரியம் வந்தது தெரியுமா? "எண்ணிக்கினுதான் கீறாரு, ஒண்ணும் ஆவாது" என்று செல்வியிடம் சொன்னேன். குழிக்குக் குழி வண்டி தூக்கிப் போட்டும் உன் எண்ணிக்கை தப்பவில்லை.

வெள்ளிமலைக்கு முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவு, பாறையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிற இடம். அங்கே உன் விரல் நின்றது.

அண்ணே, நான் சந்தோஷப்பட்டேன். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? விரல் நின்றால் நீ ஆரம்பிக்கப் போகிறாய் என்றுதானே எனக்குத் தெரியும்? வலி விட்டுவிட்டது, இப்போது பேசப் போகிறாய், தண்ணீர் கேட்கப் போகிறாய் என்று நினைத்தேன். உனக்குத் தொந்தரவு ஆகக்கூடாது என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டினேன். அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு என்று காத்துக்கொண்டே ஓட்டினேன். செல்விதான் பின்னாலிருந்து, "வண்டிய நிறுத்துங்க, மாமா ஒடம்பு கனக்குது" என்றாள்.

நிறுத்தினேன். இன்னும் ஏறினாலும் பிரயோசனம் இல்லை, இறங்கினாலும் பிரயோசனம் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உன் பாடையைத் தூக்கியவர்களில் ஏழுமலையும் ஒருவன். தோளை மாற்றிக்கொள்ளாமல் சுடுகாடு வரை வந்தான். அவன்மேல் கோபப்படலாம் என்று பலதடவை பார்த்துவிட்டேன், வரவில்லை. அவன் கேட்டது தப்பா? என் பிள்ளைக்கும் சேர்த்துத்தானே கேட்டான்? அப்படியானால் நான் யாரைத் திட்டுவது? செத்துக் கிடந்த புளியமரத்தையா? கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

தேன்மொழிக்கு சீட்டு வந்த அன்று முதலில் மிட்டாயோடு ஓடிவந்ததும் அவன்தான். "பாத்தியாண்ணே, நாம பட்டது வீண் போவல" என்று சொல்லிக்கொண்டே என் வாயில் ஜிலேபியைத் திணித்தான். உடனே அவன் முகம் மாறிவிட்டது. அப்படியே தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அந்த ஜிலேபியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. செல்வி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இப்போது வடக்கே டெல்லியில் இடஒதுக்கீடு கூடாது என்று பையன்கள் தெருவுக்கு வந்திருக்கிறார்களாம். ரேடியோவில் சொன்னார்கள். செய்தி முடிந்ததும் இந்திப் பாட்டு வைத்தார்கள், உன் பாட்டு. பாடினவர் பெயரைச் சொன்னார்கள், மெட்டுப் போட்டவர் பெயரைச் சொன்னார்கள். உன் பெயரை என்றைக்கும்போல் சொல்லவில்லை. நடுவில் சாக்ஸபோன் வந்ததும் செல்வி அடுப்படியிலிருந்து, "மாமா வந்துட்டாரு" என்றாள். வந்தாய், ஒரு இழைப்பு இழைத்தாய், போய்விட்டாய்.

அடுத்த வாரம் தேன்மொழியைச் சென்னைக்கு அழைத்துப் போகிறேன். பஸ் வேண்டாம், ஜீப்பிலேயே போகலாம் என்று சொல்லிவிட்டேன். அதே உளுந்தூர்பேட்டை ரோடு. மரம் கிடந்த இடத்தில் அடிக்கட்டை பக்கவாட்டில் துளிர்விட்டிருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தி, எல்லாவற்றையும் அவளிடம் சொல்வேன். பெரியப்பாவுக்கு வழி விடாத இடம் இதுதான், உனக்கு வழி விட்டதும் இதுதான் என்று சொல்வேன்.

நீ விட்ட இடத்திலிருந்து நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் அண்ணே. ஸ்டியரிங் பிடிக்கும்போதெல்லாம் கட்டைவிரல் தானாகப் போகிறது. எத்தனை வரை எண்ணவேண்டும் என்று நீ சொல்லிவிட்டுப் போகவில்லை. அதனால் நிறுத்தமாட்டேன். நீ ஆரம்பிக்கிறவரை எண்ணிக்கொண்டே இருப்பேன். இது சத்தியம்.

மலைரோட்டில் இன்னும் உன் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டும்
உன் தம்பி முருகேசன்