ரப்பர் சோலோடு வந்தவள்

காலி, கொலம்பியா
18 ஆகஸ்ட் 1997

மதிப்புக்குரிய எர்மெலிந்தா அம்மாவுக்கு,

உங்கள் மகள் பெலென் நல்லபடியாக வந்து சேர்ந்தாள். என் மகன் இருந்த அறையைக் கொடுத்திருக்கிறேன், ஜன்னலைத் திறந்தால் மாமரம். வயிறாரச் சாப்பிடுகிறாள். பல்கலைக்கழகத்தில் கரும்புப் படிப்பு அது பாட்டுக்கு நடக்கிறது. என் கவலை வேறு. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, பெண்ணுக்கு ஆடத் தெரியவில்லை.

முந்தின வாரம் சனிக்கிழமை என் தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கூட்டிப்போனேன். சல்சா போட்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தங்கை என் காதில், "ஏன்க்கா, புள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். எனக்கு மானமே போயிற்று. அப்புறம்தான் காலைப் பார்த்தேன், ரப்பர் சோல் வைத்த ஷூ. அது தரையைக் கவ்விக்கொள்ளும், சுழல விடாது. மறுநாளே என்னுடைய தோல் சோல் ஜோடியைக் கொடுத்துவிட்டேன். தினமும் சமையலறையில் அரை மணி நேரம் பழக்குகிறேன். இடது கால் தேறிவிட்டது. வலது கால் இன்னும் பராகுவேயிலேயே நிற்கிறது.

நேற்று பான்ஸே ஆற்றுக்குப் போய்க் குளித்து, கரையிலேயே அடுப்பு மூட்டிக் கோழி சூப் வைத்தோம். நீங்கள் நிம்மதியாக இருங்கள். டிசம்பர் இருபதாம் தேதி ஊர் திரும்பும்போது அவள் சுழல்வதைப் பார்த்து நீங்களே அசந்துபோவீர்கள்.

அன்புடன்,
நூபியா லெனிஸ்


வில்லரிக்கா, பராகுவே
5 செப்டம்பர்

திருமதி நூபியா லெனிஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கேலி என்று நினைத்தேன். இருபத்தாறு வருஷமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன், எண்ணாமல் இருக்க முடியாது. கரும்பைப் பற்றி ஒரு வரி, காலைப் பற்றி ஒரு பக்கம்.

வெளிப்படையாகவே எழுதுகிறேன். என் மூத்தவள் கிராசியேலா, ஒரு வருஷப் படிப்பு என்று சொல்லிவிட்டுப் புவெனஸ் ஐரிஸ் போனாள். முதல் மாசமே சிநேகிதி ஒருத்தி நடனத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒருவனைப் பார்த்தாள். கல்யாணம், வீடு எல்லாம் அங்கேயே ஆயிற்று. ஆறு வருஷமாக இந்தப் பக்கம் வரவில்லை. என் கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு மிச்சம் பெலென் ஒருத்திதான்.

ஆகவே சனிக்கிழமை எட்டு மணிக்கு அவள் வீட்டில் இருக்க வேண்டும். நடனம் கூடாது. முடியாதென்றால் சொல்லிவிடுங்கள், படிப்பு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, அவளைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எர்மெலிந்தா ஒவெலார்


காலி
22 செப்டம்பர்

அன்புள்ள எர்மெலிந்தா அம்மா,

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தப்பு என்னுடையதுதான். இந்த ஊரில் பிள்ளை சுழலக் கற்றுக்கொண்டால் பெற்றவளிடம் சொல்லிப் பெருமைப்படுவோம். அந்த நினைப்பிலேயே எழுதிவிட்டேன்.

எட்டு மணி என்கிறீர்கள். எட்டு மணிக்கு இங்கே தலை சீவவே ஆரம்பித்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் முந்தாநாள் எட்டடிக்கக் கதவைச் சாத்தினேன். பெலென் மாமரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ஒரு வழி சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். ஞாயிறு மத்தியானம் இங்கே வயசானவர்களுக்கென்றே நடனம் உண்டு. இரண்டு மணிக்குத் தொடங்கி ஏழுக்கு முடிந்துவிடும். அங்கே வருகிறவர்களில் ரொம்பச் சின்னவர் எங்கள் தபால்காரர் ஒவீடியோ, அவருக்கே ஐம்பத்தெட்டு. உங்கள் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓட எவராவது நினைத்தாலும் முட்டி விடாது. நான் பக்கத்திலேயே இருப்பேன்.

நேற்று பூகா கோயிலுக்குப் போனோம். அவள் முழங்காலிட்டு உங்களுக்காக வேண்டிக்கொண்டாள். நான் அவளுடைய வலது காலுக்காக வேண்டிக்கொண்டேன். அந்தச் சந்நிதியில் வைத்தே சொல்கிறேன், டிசம்பர் இருபதாம் தேதி நானே அவளை விமானத்தில் ஏற்றி உங்களிடம் அனுப்புவேன்.

நூபியா


வில்லரிக்கா
9 அக்டோபர்

அன்புள்ள நூபியா அம்மா,

ஞாயிறு மத்தியானம் சரி. ஏழு என்றால் ஏழு. தபால்காரருக்கு மனைவி உண்டா என்று எழுதவும்.

மாத்தே இலை ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். சர்க்கரை போட்டுக் குடித்துக் கெடுத்துவிடாதீர்கள்.

பெலென் எழுதும் கடிதங்களில் சிரிப்பு கேட்கிறது. இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததாக ஞாபகம் இல்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

எர்மெலிந்தா


காலி
10 நவம்பர்

எர்மெலிந்தா தங்கச்சி,

முதலில் நல்ல சேதி. வலது கால் பராகுவேயிலிருந்து வந்து சேர்ந்தது. நேற்று ஒவீடியோ ஒரு சுற்று சுற்றிவிட்டார், பெலென் மூன்று சுற்றிவிட்டு நேராக நின்றாள். எழுபது வயசுக்காரர்கள் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். தபால்காரருக்கு மனைவி இல்லை. அவர் பெலெனோடு ஒரு பாட்டுக்கு ஆடினால் என்னோடு ஒன்பது பாட்டுக்கு ஆடுகிறார். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

அதற்கு முந்தின வாரம் சான் சிப்ரியானோ கிராமத்துக்குப் போனோம். காட்டுக்குள் ரயில் தண்டவாளத்தில் பலகை வண்டி, கோலால் தள்ளிக்கொண்டு பறக்கிறார்கள். எதிரே இன்னொன்று வந்தால் இறங்கி நம் வண்டியைத் தூக்கி ஓரம் வைக்க வேண்டும். "நூபியாம்மா, நீங்க ஒக்காருங்க, நான் தூக்குறேன்" என்று உங்கள் மகள் தூக்கினாள். நான் உட்கார்ந்து கத்தியதில் குரல் போய், இரண்டு நாள் சைகையிலேயே பேசினேன்.

இனி அடுத்தது. பெலெனுக்கு இன்னும் ஆறு மாசம் படிக்க இடம் தந்திருக்கிறார்கள். "அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்க, நானே மெதுவா சொல்லிக்கிறேன்" என்றாள். கிராசியேலாவும் இப்படித்தானே ஆரம்பித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. "ஜனவரியிலேர்ந்து அந்த ரூமுக்கு வேற பொண்ணு வருது, நீ கெளம்பணும்" என்று சொல்லிவிட்டேன். ரெண்டு நாளாக நான் சுட்ட சீஸ் ரொட்டியைத் தொடவில்லை.

எந்தப் பெண்ணும் வரவில்லை. பொய் சொன்னேன். என் மகன் மாட்ரிட் போய் ஏழு வருஷம் ஆகிறது. இந்த மூணு மாசமாகத்தான் அந்த அறையில் விளக்கு எரிகிறது. அவள் இருக்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்படுகிறவர் யாரும் இல்லை. ஆனால் உங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இருபதாம் தேதி அனுப்பிவிடுவேன்.

உங்கள் அக்கா,
நூபியா


வில்லரிக்கா
1 டிசம்பர்
விரைவுத் தபால்

அன்புள்ள அக்கா,

இது கிடைத்ததும் பெலெனிடம் போய், பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொள்ளுங்கள். அந்த அறை ஜூன் வரைக்கும் அவளுக்குத்தான். இருபதாம் தேதி யாரையும் ஏற்றி அனுப்ப வேண்டாம். இருபத்துமூன்றாம் தேதி என்னை அழைத்துப்போக விமான நிலையத்துக்கு வாருங்கள். பள்ளிக்கூடம் விடுமுறை, கிறிஸ்துமஸை ஒட்டி நடக்கும் உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வருகிறேன்.

வழியில் இரண்டு நாள் கிராசியேலா வீட்டில் தங்குகிறேன். அவள் வரவில்லை, வரவில்லை என்று ஆறு வருஷம் ஊரெல்லாம் சொன்னேன். நான் ஒரு தரம்கூடப் போனதில்லை என்பதை உங்களுக்குக்கூட எழுதவில்லை. வீம்பு. நேற்றுத் தொலைபேசியில், "வரட்டுமாடி?" என்று கேட்டேன். எந்த விமானம், எத்தனை மணிக்கு என்று மூன்று தரம் கேட்டாள். ஜூனில் பெலென் திரும்பி வராவிட்டால் அங்கே வர எனக்கு வழி தெரியும்.

செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து என் கறுப்பு ஷூவுக்குத் தோல் சோல் போட்டாயிற்று. "டீச்சர், இது ஆடுறவங்க போடுற சோலாச்சே?" என்றார். "உம்ம வேலையப் பாரும்" என்றேன்.

அந்த வலது கால் அவள் அப்பாவிடமிருந்து வந்தது, என்னிடமிருந்து இல்லை. பெலெனுக்கே தெரியாத ஒன்று சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஊர் விழாவில், தலைமேல் மூன்று பாட்டில் அடுக்கிக்கொண்டு ஆடுவேன். ஒன்றுகூடக் கீழே விழுந்ததில்லை.

பாட்டில் நான் கொண்டுவரவில்லை, வழியில் உடைந்துவிடும். அடி தட்டையாக உள்ளதாகப் பார்த்து மூன்று எடுத்து வையுங்கள்.

உங்கள் தங்கச்சி,
எர்மெலிந்தா