பாக்கெட் இல்லாத பிஸ்கட்

மார்ச் 3, திங்கள்

ஓவனில் இரண்டாவது தட்டு பிஸ்கட். ஓட்ஸ் 150 கிராம், வறுத்த நிலக்கடலை 60, மீன்சுருட்டிச் சந்தை முந்திரி 40, பேரீச்சை 80, வெண்ணெய் 70, உப்பு இரண்டு சிட்டிகை. 170 டிகிரி, 18 நிமிடம். அடிப்பக்கம் கருகிவிட்டது. குறைக்க வேண்டியது நேரத்தையா, சூட்டையா? முப்பது வருடம் வேதியியல் நடத்தியவனுக்கு இது தெரியவில்லை.

காலையில் அரங்கநாதன் சார் வந்தார். பள்ளியில் இருபத்திரண்டு வருடம் அடுத்தடுத்த நாற்காலி. இப்போது நடைப்பயிற்சித் துணை. கருகாததாகப் பொறுக்கித் தட்டில் வைத்து நீட்டினேன். இப்பத்தான் டிபன் ஆச்சு என்றார். நான் உள்ளே போய்க் கடை பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து வந்தேன். அவரே பிரித்து நான்கு சாப்பிட்டார். டிபனுக்கு மேலே நான்கு.

எங்கள் வீட்டில் சமைத்த எதையும் அவர் தொட்டதில்லை. சாதிதான் காரணம். இருவருக்கும் தெரியும், இருவரும் சொன்னதில்லை. சீல் வைத்த பாக்கெட், மூடி திறக்காத சோடா என்றால் ஆகும். எனக்குச் சர்க்கரை, கடை பிஸ்கட்டை நான் தொடுவதில்லை. அவருக்காகத்தான் வாங்கி வைக்கிறேன்.

அதை எடுத்து வரச் சொன்னது யார்? அவர் கேட்கவில்லை. என் கால் தானாகப் போனது.

மார்ச் 6

16 நிமிடம். சரியாக வந்தது.

மார்ச் 8, சனி

மகள் வெற்றிச்செல்வி அரியலூரிலிருந்து வந்தாள். ஓவன் அவள் வாங்கிக் கொடுத்ததுதான். நடந்ததைச் சொன்னேன், சொல்லியிருக்க வேண்டாமோ. என் பிஸ்கட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மெழுகுவத்தியில் காட்டி வாயை ஒட்டினாள். ‘அம்சவள்ளி ஃபுட்ஸ்’ என்று அச்சடித்த ஸ்டிக்கர் வேறு. அவள் அம்மாவின் பெயர்.

“நாளைக்கு இதைக் குடுங்கப்பா. பாப்போம்.”

மார்ச் 9, ஞாயிறு

அரங்கநாதன் சாரிடம் கொடுத்தேன். மைதானத்து பெஞ்சில் உட்கார்ந்து மூன்று சாப்பிட்டார்.

“எந்தக் கடைங்க சார் இது? உப்பும் இனிப்பும் கரெக்டா நிக்குது. அடுத்த ஞாயிறு உங்க வூட்ல நடக்குற சங்க மீட்டிங்குக்கு இதையே வாங்கிருங்க.”

ஒரு கடை என்றேன்.

வெற்றிச்செல்வி கைதட்டிச் சிரித்தாள். ஜெயித்துவிட்டோமாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவள் கல்யாணத்துக்கு ஆசிரியர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். மொய் கவரைக் கொடுத்து, கலர் குடித்து, பந்தியில் உட்காராமலே போனார்கள். அன்றைக்கு அம்சவள்ளி தன் கையால் கிளறிய கேசரி ஒரு அண்டா மிஞ்சியது. இன்று அவள் பெயரையே கடையாக்கி அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மார்ச் 10

ஒரு கடையாம். என்ன வாய் எனக்கு.

மார்ச் 15, சனி

நாளை ஓய்வூதியர் சங்கக் கூட்டம், இந்த மாதம் நம் வீட்டில். வெற்றிச்செல்வி இருபது கவரோடு வந்தாள். வேண்டாம் என்றேன். அலமாரியில் இருந்த கடை பாக்கெட்டுகளையும் அவளிடமே கொடுத்தனுப்பினேன். வீட்டில் இருந்தால் என் கால் போகும்.

“ஒருத்தரும் தொடலன்னா என்னப்பா பண்ணுவீங்க?”

நான் தின்பேன் என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

பதினோரு பேர். இரண்டு எவர்சில்வர் தட்டு, நாற்பத்து நான்கு பிஸ்கட், ஒரு குடம் தண்ணீர். சோடா இல்லை.

செயலாளர் கலையரசன் தட்டைப் பார்த்துவிட்டு, பாக்கெட் ஏதும் இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். எழுந்து நின்றேன். ஏன் நின்றேன்? தெரியவில்லை, வகுப்பு எடுத்த பழக்கமாக இருக்கும்.

“இல்லீங்க. இது நான் வூட்ல சுட்டது. அரங்கநாதன் சார், போன வாரம் நீங்க சாப்பிட்டதும் இதேதான். கடைன்னு சொன்னது பொய்.”

மணிமொழி டீச்சர் கையை நீட்டி இரண்டு எடுத்துக்கொண்டார். “செல்லக்கண்ணு சார், இத்தனை வருஷமா இந்த வித்தைய எங்க வச்சிருந்தீங்க?” அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் இரண்டிரண்டு எடுத்தார்கள். அரங்கநாதன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மிச்சம் முப்பத்தெட்டு. அவரை அவமானப்படுத்திவிட்டேனோ? — நானா? நானா படுத்தினேன்?

மார்ச் 17

நடைக்கு அவர் வரவில்லை. தனியாக நான்கு சுற்று.

மார்ச் 21

சங்கத்து வாட்ஸ்அப்பில் கலையரசன்: அனைவர் வசதிக்காக இனிக் கூட்டங்கள் மண்டபத்தில், சிற்றுண்டி ஹோட்டலில் இருந்து. இரண்டு முறை எழுதி அழித்து, மூன்றாம் முறை அனுப்பினேன்: “நான் பிஸ்கட் கொண்டு வருவேன். வீட்டில் செய்தது.” பதிலாக ஒன்றுதான் வந்தது, மணிமொழி டீச்சர்: “எனக்கு நாலு.”

ஏப்ரல் 13, ஞாயிறு

மண்டபத்துக் கூட்டத்துக்கு எவர்சில்வர் டப்பாவில் பிஸ்கட் கொண்டு போனேன். ஹோட்டல் வடைக்குப் பக்கத்தில் மூடியைத் திறந்து வைத்தேன். ஆறு பேர் எடுத்தார்கள்.

எல்லாரும் கிளம்பும்போது அரங்கநாதன் சார் மேசைக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஒன்றை எடுத்து, பாதி கடித்து, நின்றபடியே மென்றார். வெகு நேரம் மென்றார்.

“உப்பு கொஞ்சம் கம்மிங்க சார்.”

மீதிப் பாதியையும் வாயில் போட்டுக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் அளவுக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். உப்பு இரண்டு சிட்டிகை, பெஞ்சில் அவர் சாப்பிட்ட அன்று போட்ட அதே அளவு. திருத்தப் பேனாவைத் திறந்தேன்.

மூடி வைத்துவிட்டேன். உப்பு சரியாகத்தான் இருக்கிறது.