பாதிப் பொட்டலம் பியூஸ்

இன்று காலை ஓப்பநாயக்க ஊர்ப் பக்கமிருந்து ஓர் அம்மா ரைஸ் குக்கர் ஒன்றைப் பழைய சேலைத் துணியில் கட்டிக்கொண்டு வந்தார். அடித்தட்டைக் கழற்றியதும் காய்ந்த கஞ்சியும் சூடேறிய ரப்பரும் கலந்த அந்த வாடை வந்தது. உடனே பக்கத்து ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தேன். நீ போய் இரண்டு வருஷமாகிறது. இந்த வாடை வந்தால் இன்னும் திரும்பித்தான் பார்க்கிறேன்.

கஹவத்தை பஜாரில் நான் டோர்ச் பெட்டரியும் பாட்டுக் கெசட்டும் விற்றுக்கொண்டிருந்தேன். நீ கொழும்பில் மின்சாரச் சாமான் திருத்தும் கடையில் சில காலம் இருந்துவிட்டு, அம்மாவுக்கு முடியவில்லையென்று தோட்டத்துக்குத் திரும்பியிருந்தாய். "ஓரமா ஒரு மேச போட்டுக்கிறேன்டா" என்று கேட்டாய். அந்த மேசை கொஞ்சம் கொஞ்சமாகக் கடையில் பாதியைப் பிடித்துக்கொண்டது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கரண்ட் வந்துகொண்டிருந்த காலம் அது. குவைத்துக்கும் சவுதிக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் ஊர் திரும்பும்போது ரைஸ் குக்கர் கொண்டுவந்தார்கள்.

முதலில் வந்தது லெட்சுமி அக்காவின் குக்கர். லைட்டும் எரியவில்லை, சூடும் ஏறவில்லை. அதை மேசையில் கவிழ்த்து அடித்தட்டைத் திறந்தாய். சூடேறும் தட்டுக்குப் பக்கத்தில், வெள்ளை உறைக்குள் கிராம்பு அளவில் ஒரு சாமான் இருந்தது. ஒரு பக்கத்து வயரைக் கழற்றி, மீட்டரின் இரண்டு முனைகளையும் அதன் இரு பக்கமும் வைத்தாய். முள் அசையவே இல்லை.

"இதாங்க்கா, சூட்டு பியூஸ். சூடு அளவு மீறுனா இது தானாவே அறுந்துக்கும். ஒருக்கா அறுந்தா புதுசுதான் போடணும்."

"இத்துனூண்டு சாமானுக்கா? ரெண்டு வயரையும் சேத்து முறுக்கி விட்டுருங்க தம்பி. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க ஆளுக வர்றாங்க."

"அது மட்டும் முடியாதுங்க்கா."

அக்காவின் முகம் சுருங்கிப் போனது. நீ அதைக் கவனிக்காமல் பானையை எடுத்து அடியைத் தடவிப் பார்த்தாய். எங்கேயோ விழுந்து நசுங்கியிருந்தது. பானை தட்டின் மேல் சரியாக உட்காரவில்லை, அதனால்தான் சூடு அளவு மீறியது என்றாய். அடியைத் தட்டி நிமிர்த்தினாய். பழைய பியூஸில் இருந்த டிகிரியும் அம்பியரும் அப்படியே பொருந்தும்படி கொழும்பிலிருந்து புதியது எடுப்பித்தாய். வந்ததும் ஈயம் வைத்து ஒட்டினாய். மீட்டரை வைத்தால் முள் அசையவில்லை. ஒட்டிய சூட்டிலேயே அது அறுந்துவிட்டது.

"சூடு பட்டா அறுந்துக்கணும்னு செஞ்ச சாமானுக்கு நானே சூடு வச்சிருக்கேன் பாரு!" என்று மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாய். அடுத்ததை ஈயம் இல்லாமல், சிறு பித்தளைக் குழாயில் வயரோடு சேர்த்துக் குறட்டால் நெரித்துப் பூட்டினாய். உறையை மறுபடி மாட்டி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டாய். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டிருந்தது. அக்கா நம் இருவரையும் நன்றாகவே ஏசிவிட்டுத்தான் குக்கரைத் தூக்கிக்கொண்டு போனார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே இன்னொரு திருத்தும் கடை இருந்தது. கடைக்காரர் சிங்களவர். கைத்தொழில்காரர் என்பதால் எல்லோரும் பாஸ் என்றே கூப்பிடுவார்கள். அவரிடம் போனால் பியூஸ் இருந்த இடத்தில் ஒரு செம்புக் கம்பியைப் போட்டு உடனே கொடுத்துவிடுவார். நம்மிடம் வந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள்.

ஒருநாள் மத்தியானம் தோட்டத்துப் பெக்டரியில் வேலை செய்த செல்வராஜ் பெட்டரி வாங்க வந்தான். "ஒங்ககிட்ட குடுத்தா ஒரு வாரம். பாஸ் ஒரு பிளேன்டி குடிக்கிற நேரத்துல செஞ்சு குடுத்துட்டாரு" என்றான்.

"உள்ள என்ன போட்டாரு?"

"ஏதோ கம்பி."

"இப்ப எங்க இருக்கு குக்கரு?"

"வீட்லதான். சோறு வெந்துக்கிட்டு இருக்கும்."

கடையை இழுத்து மூடினாய். அவனையும் என்னையும் ஏற்றிக்கொண்டு முதலில் வந்த பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனாய். எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. லயத்துக்கு ஏறும்போதே வாடை அடித்தது. செல்வராஜின் மனைவி சோற்றை வைத்துவிட்டுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். முன் அறையில் குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. பின்னால் குசினியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. செல்வராஜ் குக்கரை நோக்கிப் பாய்ந்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"அத தொடாத! தண்ணியும் ஊத்தாத! மொதல்ல மெயின அமத்து!"

அவன் நகர்வதற்குள் நீயே போய் மெயின் சுவிச்சை அணைத்தாய். குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்து வெளியே அனுப்பினாய். அதன் பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினாய். சோறு கரியாகியிருந்தது. குக்கர் இருந்த பலகை கருகி, விளிம்பில் கங்கு பிடித்திருந்தது. அதை இழுத்து வெளியே போட்டு மிதித்தாய். பலகைக்கு மேலே விறகு அடுக்கியிருந்தது. அந்த லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை.

ஆறிய பிறகு அங்கேயே திறந்து காட்டினாய். சோறு வெந்ததும் சூட்டை நிறுத்தும் சுவிச்சின் இரண்டு முனைகளும் உருகி ஒட்டியிருந்தன. "இது ஒட்டிக்கிட்டதாலதான் மொதல்ல பியூஸ் போயிருக்கு. பியூஸ் பழுதாகல செல்வராஜ், அதோட வேலையத்தான் செஞ்சிருக்கு. அது ஏன் போச்சுன்னு யாரும் பாக்கல."

பீலியிலிருந்து ஓடிவந்த செல்வராஜின் மனைவி குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்து அழுதாள்.

பாஸிடம் சண்டைக்குப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். மறுநாள் நீ போனதென்னவோ உண்மைதான். கருகிய பலகையை அவர் மேசையில் வைத்தாய். பிறகு நம்மிடமிருந்த பியூஸ் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை அவர் பக்கம் தள்ளி, "மேக்க தான்ன பாஸ்" என்றாய். இதைப் போடுங்கள் என்று. அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது, "நாம தேடி வாங்குனத அவருக்கு எதுக்குடா?" என்று கத்தினேன்.

"அவரு கடைக்குப் போறவங்க வீட்லயும் பிள்ளைக தூங்குதுதானே" என்று மட்டும் சொன்னாய்.

அதன்பிறகு ஒவ்வொரு பொட்டலமும் பாதி அவருக்குப் போனது. வெளியே குண்டும் சோதனைச்சாவடியுமாக இருந்த நாட்களிலும் போனது. ஈரல் கெட்டு நீ இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நீ போன பிறகு நான் பியூஸ் வாங்கக் கொழும்புப் பக்கமே போகவில்லை. கடையைத் திறப்பேன், உன் மேசைமேல் போட்ட துணியை எடுக்கமாட்டேன். ஒருநாள் பாஸ் வந்தார். நம் கடைப் படியேறி அவர் வந்ததே அன்றுதான். தானே வாங்கி வந்த பியூஸ் பொட்டலத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, துணியை ஒதுக்கிவிட்டு, பாதியை உன் மேசையில் கொட்டினார்.

"மே ஒயாலகே பங்குவ" என்றார்.

இது உங்கள் பங்கு. ஒருவனிடம் பேசும்போது சிங்களத்தில் அப்படிச் சொல்வதில்லை. 'ஒயாலகே' என்றால் உங்கள் எல்லோருடையதும் என்று அர்த்தம். அவர் நம் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொன்னார். அவர் சொன்னதை நான் திருத்தவில்லை. அன்று பின்னேரமே உன் மீட்டரைக் கையில் எடுத்தேன்.

இன்று காலை அந்த அம்மாவும் கேட்டார், யார் திருத்துவது என்று. "நாங்கதாங்கம்மா. பாத்துத் தர்றோம்" என்றேன்.